மறு: குடல் ‘லைனிங்’கைச் சீராக்கும் மரபணுச் சிகிச்சை – சொல் வேண்டும்

நண்பர்களே,
உயிரியல் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில்தான் முட்டி நிற்கிறது. ‘குடல் உட்சுவர் மரபணுச் சிகிச்சை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். பொருந்துமா?

---

> உட்சுவர்

சுவர் என்றால் தசையடுக்கும் சேர்ந்துவிடும். சிதைவது ஓர் உயிரணுத் தடிமனே உள்ள அடுக்கு. இலங்கை வழக்கில் அதற்கு ‘மேலணி’ உண்டு. என் விருப்பம் ‘அகணி’. பனைமட்டையின் உட்புற நாருக்குப் பெயர்; வெளியடுக்கைக் குறிக்கும் புறணிக்கு இணை. சிறுநீரகப் புறணி ஏற்கெனவே பாடத்தில் இருப்பதால் ‘குடலகணி’ எளிதில் பிடிபடும். சிகிச்சை வடசொல். வள்ளுவர் ‘அதுதணிக்கும் வாய்நாடி’ என்றார். ஆகவே ‘குடலகணி மரபணுத் தணிப்பு’.

---

> மரபணுத் தணிப்பு

தயவுசெய்து வேண்டாம். மரபணுவைத் தணிப்பது என்றால் அதன் வெளிப்பாட்டை அடக்குவது, குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. செய்யும் வேலை அது. குறளில் தணிவது நோய், மரபணு அன்று. ‘மரபணுவைத் தணித்தல்’ என்ற பொருளானால் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாமல் ‘மரபணு தணிப்பு’ என்றுதானே வரும் என்பீர்கள். ஒரு ‘த்’தை நம்பி மாணவரை விட முடியாது. சிகிச்சையில் வடவெழுத்தே இல்லை. தொல்காப்பியம் ஏற்கும் சொல்தான்.

அகணியிலும் எனக்கு உடன்பாடில்லை, காரணம் வேறு. குடல் மேலணி மூன்று முதல் ஐந்து நாளில் முழுக்கப் புதிதாகிறது. குடலுறிஞ்சியின் (உட்பரப்பில் விரல்போல் நீளும் ‘வில்லஸ்’) நுனியில் உள்ள உயிரணுவுக்கு மரபணுவைக் கொடுத்தால் அந்த வாரமே உதிர்ந்து கழிவோடு போய்விடும். மரபணுவைச் சுமந்துசெல்லப் பயன்படும் வைரஸ்களில் ஒன்றான அடினோ துணை வைரஸ் கொண்டுவரும் மரபணு பெரும்பாலும் நிறப்புரியோடு (குரோமோசோம்) இணையாமல் தனியே கிடக்கும். உயிரணு பிரியப் பிரிய நீர்த்துப்போகும். அதில் ஏற்றக்கூடியதும் ஏறத்தாழ 4,700 எழுத்துகளே. இன்னொரு சுமப்பியான லென்டிவைரஸ் இணையும், ஆனால் தவறான இடத்தில் இணைந்தால் புற்றுக்கு வழி. எதை அனுப்பினாலும் சளிப்படலம் முதலில் பிடித்து நிறுத்தும்.

ஆக, போய்ச் சேரவேண்டிய இடம் பரப்பு அன்று. குடலுறிஞ்சிகளுக்கு இடையே மேலணி உள்மடிந்த லீபர்கூன் குழியின் அடியில் இருக்கும் குருத்தணு (ஸ்டெம் செல்). அல்லது திசுத்துணுக்கு எடுத்து, குழிகளைப் பிரித்து, கூழ்மத்தில் உறுப்பிகளாக (ஆர்கனாய்டு, சிற்றுறுப்பு போன்ற திசு) வளர்த்து, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பரால் திருத்தி, சரியாகத் திருந்திய வழித்தோன்றலை மட்டும் பொறுக்கித் திருப்பி ஒட்டவேண்டும். ஒரே குருத்தணுவிலிருந்து உறுப்பி வளர்ந்தது 2009இல். வளர்த்த உறுப்பிகள் சுண்டெலியின் புண்பட்ட பெருங்குடலில் ஒட்டிக்கொண்டது 2012இல். நீர்மத்திசு அழற்சி (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்) நோயாளரின் குடல் உறுப்பியில் அந்நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவின் பிழை திருத்தப்பட்டது 2013இல்.

அந்தக் குழிக்குத் தமிழில் ‘அளை’ (குகை, பொந்து) இருக்கிறது. ‘புலி சேர்ந்து போகிய கல்அளை போல ஈன்ற வயிறோ இதுவே’: புறநானூறு 86. ஈன்று வெளியே அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே இருக்கும் வயிறு! மேலே ஏறிப் போகும் ஒவ்வோர் உயிரணுவும் இந்த அளையில் பிறந்ததுதான். ‘குடலளை மரபணுச் சிகிச்சை’ என்பேன்.

---

> குடலளை

உவமை மனத்தில் நிற்கிறது. ஆனால் ‘வயிற்றளைச்சல்’ என்பது சீதபேதி. குடலளை என்றதும் நோயின் பெயர் என்றே படிப்பார்கள். அளைக்குத் தயிர், மோர் என்ற பொருளும் உண்டு. தலைப்பு முதல் பார்வையிலேயே விளங்கவேண்டும்.

---

அகணி என்ற சொல்லை அகராதி பார்க்காமல் எத்தனை பேர் அறிவார்கள்? ‘மேலணி’யே போதும்.

---

> மேலணியே போதும்

தணிப்பை விட்டுவிடுகிறேன், அந்தக் குழப்பம் உண்மையே. அகணியை விடமாட்டேன். பழகாத சொல்லைப் பாடநூல்தான் பழக்கவேண்டும்.

---

நால்வர் மேலணி, ஒருவர் அகணி, ஒருவர் அளை. இன்று மாலை கோப்பை அனுப்பியே ஆகவேண்டும். ‘குடல் மேலணி மரபணுச் சிகிச்சை’ என்று போடுகிறேன். குழிக்கு ‘குடற்குழி’.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. மேலணி என்று படிக்கும் மாணவர் மேலே பார்ப்பார். மரபணு போகவேண்டிய இடம் கீழே. படத்தில் அம்புக்குறியையாவது குழியின் அடிவரை இழுத்துவிடுங்கள்.