ஏஏ ஹெச்எல்லும் ஏஐ ஹெச்எல்லும் ஒண்ணுன்னு சொன்னது யாரு?

கணக்கு மாமா:
பெங்களூர் அம்மா தன் பொண்ணுக்கு ஐபி டிப்ளமோல, அதாவது பதினொண்ணு பன்னெண்டாவதுக்கான இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் படிப்புல, என்னென்ன சப்ஜெக்ட் எடுக்கலாம்னு கேட்டிருந்தாங்க இல்ல, அதுக்கு டேட்டா தம்பி எழுதின பதிலைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. "மேத்ஸ்ல ஏஏ எடுத்தா என்ன ஏஐ எடுத்தா என்ன, ரெண்டும் ஹெச்எல் தானே, ஒரே கஷ்டம் தான்"னு போற போக்குல அடிச்சு விட்டுட்டுப் போயிருக்காரு. பதினொண்ணாவதுல எடுக்கற முடிவு, நடுவுல மாத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல, இதை நம்பி ஒரு குழந்தை மாட்டிக்கிட்டா யாரு பொறுப்பு? தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஐபி மேத்ஸை 2019ல ரெண்டு கோர்ஸா பிரிச்சாங்க, முதல் பரீட்சை 2021ல. ஏஏன்னா அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், ஏஐன்னா அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன். ரெண்டுலயும் எஸ்எல், அதாவது ஸ்டாண்டர்ட் லெவல், 150 மணி நேரம், ஹெச்எல், அதாவது ஹையர் லெவல், 240 மணி நேரம். அது வரைக்கும் சமம், ஒத்துக்கறேன். ஆனா ஏஏல பேப்பர் 1க்கு கால்குலேட்டர் கிடையாது. ஏஐல எல்லா பேப்பருக்கும் கால்குலேட்டர். இது ரெண்டும் ஒண்ணா?

டேட்டா தம்பி:
சார் வணக்கம், என் பேரைப் போட்டு தனியா இழையே ஆரம்பிச்சிட்டீங்க, சந்தோஷம். ஏஐ ஹெச்எல் எடுத்து பரீட்சை எழுதினவன் நான், நீங்க இல்ல. மார்க்கோவ் செயின், மேட்ரிக்ஸ்ல வர்ற ஐகன் வேல்யூ, கிராஃப் தியரி, பாய்சான், ரெண்டு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் பின்னிக்கிட்டு வர்ற கணக்கு எல்லாம் ஏஐ ஹெச்எல்ல இருக்கு. உங்க ஏஏ ஹெச்எல்ல மேட்ரிக்ஸ்னு ஒரு பாடமே கிடையாது. அதைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை கூட எழுதல?

கணக்கு மாமா:
எழுதறேன். ஐகன் வேல்யூவை கையால போட்டீங்களா, பட்டனைத் தட்டி எடுத்தீங்களா?

டேட்டா தம்பி:
2க்கு 2 மேட்ரிக்ஸ் கையால தான் போட்டோம் சார். பெருசா வந்தா மெஷின் போடும். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.

மடிப்பாக்கம் ஜெயா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஸ்டேட் போர்டு பன்னெண்டாவது கணக்கு புக்ல முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளோட பயன்பாடுகள் தான். அரசுப் பள்ளிப் பிள்ளைங்க கால்குலேட்டரைக் கண்ணால கூட பாக்காம நேர்மாறு அணி கண்டுபிடிச்சு எழுதுதுங்க. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி ஐபி படிக்க வெச்சிட்டு மேட்ரிக்ஸ் இருக்கா இல்லையான்னு சண்டை போடறீங்களே.

கணக்கு மாமா:
டீச்சர், நீங்க சொன்னது தான் என் கட்சி. கால்குலேட்டரைக் கண்ணால பாக்காமன்னு சொன்னீங்க பாருங்க, அது.

மடிப்பாக்கம் ஜெயா:
நான் உங்க கட்சிக்கு வரல சார். நான் ஃபீஸைப் பத்தி சொன்னேன்.

ஸ்காபரோ மைந்தன்:
அண்ணை, ஐபி எண்டாலே லட்சக்கணக்கில ஃபீஸ் எண்டு ஏன் எல்லாரும் நினைக்கிறியள்? இஞ்ச ஒன்டாரியோவில பப்ளிக் ஸ்கூலிலயே ஐபி இருக்கு, எங்கட மகள் அங்க தான் படிக்கிறாள். ஏஏ தான் எடுத்தவள். ஆனா நான் ஒண்டு கேக்கிறன். ஏஏ ஹெச்எல்லில பேப்பர் 1க்கு மட்டும் தான் கால்குலேட்டர் இல்லை. பேப்பர் 2க்கு இருக்கு, பேப்பர் 3க்கும் இருக்கு. பேப்பர் 1 மொத்தத்தில 30 வீதம் தான். மிச்சம் 30, 20, பிறகு பிள்ளை வீட்டிலயிருந்து எழுதுற எக்ஸ்ப்ளொரேஷனுக்கு 20. அப்ப 70 வீதத்துக்கு கால்குலேட்டர் வெச்சிருக்கிற கோர்ஸை ஏதோ ஓலைச்சுவடியில படிச்ச மாதிரி கதைக்கிறியள்.

கணக்கு மாமா:
30 வீதம்னா சும்மாவா? அந்த 30 தான் பையன் கணக்கு படிச்சானா இல்லையான்னு காட்டும். ஒரு உதாரணம் தர்றேன், எல்லாரும் போட்டுப் பாருங்க. ஒரு குறுங்கோணம், அதோட சைன் 3/5. அந்தக் கோணத்தோட ரெண்டு மடங்குக்கு சைன் என்ன? ஏஏ படிச்ச பையன் முக்கோணம் வரைவான், 3, 4, 5, அப்ப காஸ் 4/5, ரெண்டையும் பெருக்கி ரெண்டால பெருக்கு, 24/25. பேப்பர்ல ரெண்டு வரி. ஏஐ பையன் என்ன பண்ணுவான்?

டேட்டா தம்பி:
சைன் இன்வர்ஸ் போடுவான், 36.87ன்னு வரும், அதை ரவுண்டு பண்ணாம அப்படியே ரெண்டால பெருக்கி சைன் எடுப்பான், 0.96. 24/25ம் 0.96ம் ஒண்ணு தான் சார். வேணும்னா நீங்களே வகுத்துப் பாருங்க, கையால.

கணக்கு மாமா:
விடை ஒண்ணு தான், யாரு இல்லேன்னா. வழி ஒண்ணா? ஏன் 0.96 வந்துதுன்னு அவனுக்குத் தெரியுமா? கோணத்துக்குப் பதிலா ஒரு எழுத்தைப் போட்டு நிரூபின்னு கேட்டா எந்த பட்டனைத் தட்டுவான்? ஏஏ ஹெச்எல்ல இண்டக்‌ஷன்னு படிப்படியா நிரூபிக்கறது இருக்கு, முரண்பாட்டால நிரூபிக்கறது இருக்கு, இன்டகிரேஷன் பை பார்ட்ஸ் இருக்கு, மெக்லாரின் சீரிஸ் இருக்கு. ஏஐ ஹெச்எல்ல இதுல ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

டேட்டா தம்பி:
நீங்க கை-ஸ்கொயர் டெஸ்ட், டி டெஸ்ட்னு ரெண்டு ஸ்டாட்ஸ் டெஸ்டையும் ஏஏல காட்டுங்க பாப்போம். ஏஐ எஸ்எல்லயே இருக்கு. காலேஜ்ல முதல் செமஸ்டர்ல ஆர் சாஃப்ட்வேர்ல டேட்டா போட்டுப் பாக்கச் சொன்னப்ப ஏஏல 7, அதாவது உச்ச கிரேடு, வாங்கின என் ரூம்மேட் பி வேல்யூன்னா என்னன்னு என்கிட்ட தான் கேட்டான்.

கணக்கு மாமா:
அவன் ஒரு வாரத்துல கத்துக்கிட்டு இருப்பான். நீங்க மூணு வருஷம் ஆனாலும் இண்டக்‌ஷன் கத்துக்க மாட்டீங்க.

டேட்டா தம்பி:
இதுக்குத் தான் காத்துக்கிட்டு இருந்தீங்க. போன வருஷம் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே பத்தின இழைல, மேத்ஸ்ல 4000 வார்த்தை எழுதறது பசங்களுக்கு வேண்டாத வேலைன்னு நீங்க சொல்லி நான் மறுத்துப் பேசினேன், அந்தக் கோவம் இன்னும் போகல.

கணக்கு மாமா:
அந்த இழையை ஏன் இழுக்கறீங்க. அங்கயும் நான் சொன்னது தான் சரி. பேச்சை மாத்தாம கால்குலேட்டருக்கு பதில் சொல்லுங்க.

பெங்களூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் கேள்வி அப்படியே நிக்குது. பொண்ணுக்கு சைக்காலஜி பிடிக்கும், ஆனா இஞ்சினியரிங்கும் வேணாம்னு சொல்லல, வீட்டுக்காரர் ஜேஇஇ எழுதட்டும்னு சொல்றாரு. ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டும் எடுத்தா ஆறு குரூப்ல ஆறாவதான ஆர்ட்ஸை விட்டுத்தரணும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. லேங்குவேஜ்ல ஹிந்தி பி, அதாவது மொழி கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கான கோர்ஸ், எடுக்கறதா, ஸ்பானிஷ் ஆப் இனிஷியோ எடுக்கறதா? அதையாவது யாராவது சொல்லுங்களேன்.

கோவை கார்த்தி:
அக்கா, ஸ்பானிஷ் எடுங்க. ஆப் இனிஷியோன்னா அரிச்சுவடில இருந்து ஆரம்பிக்கறது, எஸ்எல்ல மட்டும் தான் இருக்கு, நாலு வரி கடுதாசி எழுதத் தெரிஞ்சா பாயின்ட் தேத்திடலாம். ஹிந்தி பின்னா வட இந்தியப் பசங்க கூட போட்டி போடணும், நம்ம குழந்தைங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி.

டேட்டா தம்பி:
போட்டின்னு யாரு சொன்னா கார்த்தி அண்ணா, ஐபில ஒருத்தன் மார்க் வாங்கினா இன்னொருத்தனுக்குக் குறையுமா என்ன? எட்டாவது வரைக்கும் ஹிந்தி படிச்ச பொண்ணுக்கு ஹிந்தி பி எஸ்எல் ஒரு பாரமே இல்ல.

கோவை கார்த்தி:
அவங்க பொண்ணு ஹிந்தி படிச்சிருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? தமிழ்நாட்டுல இருந்து போனவங்க எல்லாரும் ஹிந்தி படிச்சாகணும்னு எழுதி வெச்சிருக்கா?

டேட்டா தம்பி:
பெங்களூர்ல இருக்காங்கன்னு தான் சொன்னேன். இதுல தமிழ்நாட்டை எதுக்கு இழுக்கறீங்க.

கோவை கார்த்தி:
ஆரம்பிச்சது நீங்க.

ஸ்காபரோ மைந்தன்:
இஞ்ச பிள்ளையள் பிரெஞ்சு பி எடுக்குதுகள், ஒருத்தரும் சண்டை பிடிக்கிறேல்ல. ஹிந்தி எண்ட சொல்லைக் கண்டவுடன ரெண்டு பேர் வேட்டியை மடிச்சுக் கட்டுறியள்.

கணக்கு மாமா:
லேங்குவேஜ் சண்டையை வேற இழைல வெச்சுக்குங்க. அம்மா, உங்க வீட்டுக்காரர் சொன்ன ஜேஇஇல கால்குலேட்டர் கிடையாது. திரும்பவும் சொல்றேன், ஜேஇஇல கால்குலேட்டர் கிடையாது. ரெண்டு வருஷம் டிஐ-84 கால்குலேட்டரைத் தட்டிப் பழகின குழந்தை அந்த ஹால்ல போய் என்ன பண்ணும்? கேம்பிரிட்ஜ்ல கூட மேத்ஸ் கட்டாயமா இருக்கற கோர்ஸ்களுக்கு ஏஏ ஹெச்எல் தான் கேக்கறாங்க. அவங்களுக்குத் தெரியாததா டேட்டா தம்பிக்குத் தெரிஞ்சிடுச்சு?

டேட்டா தம்பி:
சார், அந்தப் பொண்ணுக்கு சைக்காலஜி பிடிக்கும்னு அம்மா எழுதியிருக்காங்க, நீங்க கேம்பிரிட்ஜ் இஞ்சினியரிங்கைத் தூக்கிட்டு வர்றீங்க. சைக்காலஜிக்கு முழுக்க முழுக்க ஸ்டாட்ஸ். இன்னொண்ணு, ஜேஇஇக்கு ஏஏ ஹெச்எல் மட்டும் படிச்சா போதும்ங்கற மாதிரி நீங்க பேசறது தான் பெரிய ஆபத்து. அந்த சிலபஸ் வேற, அதுக்குத் தனியா கோச்சிங் போகணும், ஐபில ஐஏங்கற ப்ராஜெக்ட் எழுதிட்டு, சிஏஎஸ்ங்கற கலை, விளையாட்டு, சேவை வேலைகளை முடிச்சிட்டு, டிஓகேங்கற அறிவுக் கோட்பாட்டுக் கட்டுரையும் எழுதிட்டு அதுக்கு எங்க நேரம்? உங்க டியூஷனுக்கு ஆள் சேரும், அது மட்டும் நிச்சயம்.

கணக்கு மாமா:
என் டியூஷனுக்கு ஆள் சேக்க நான் இங்க வர வேண்டிய அவசியம் இல்ல. நாக்கை அடக்கிப் பேசுங்க தம்பி. என்கிட்ட படிச்ச ஒரு பையன் கதையைச் சொல்றேன், ஊர் பேர் வேணாம். ஏஐ எஸ்எல் எடுத்திருந்தான், அதாவது இருக்கறதுலயே இலகுவானது. ஸ்கூல்ல "மேத்ஸ் மேத்ஸ் தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. பன்னெண்டாவது நடுவுல இஞ்சினியரிங் ஆசை வந்துது, அவன் பாத்து வெச்சிருந்த வெளிநாட்டு காலேஜ் எல்லாம் அந்த கோர்ஸை ஏத்துக்கல, அப்பா அம்மா ரெண்டு பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அன்னிக்கு நான் என்ன பண்ண முடியும்? அதனால தான் தொண்டை கிழிய கத்தறேன்.

ஸ்காபரோ மைந்தன்:
அது ஏஐ எஸ்எல். டேட்டா தம்பி கதைக்கிறது ஏஐ ஹெச்எல். ரெண்டையும் போட்டுக் குழப்புறியள் அண்ணை.

கணக்கு மாமா:
ரெண்டுலயும் எல்லா பேப்பருக்கும் கால்குலேட்டர் தான்.

டேட்டா தம்பி:
சரி சார், இதுக்கு என்ன சொல்றீங்க? ஐபி ஃபிசிக்ஸ்ல முன்னாடி பேப்பர் 1க்கு கால்குலேட்டர் கிடையாது. 2025ல முதல் பரீட்சை நடந்த புது சிலபஸ்ல அதுக்கும் கால்குலேட்டர் விட்டுட்டாங்க. அப்ப இப்ப ஃபிசிக்ஸ் ஹெச்எல் படிக்கறவன் எல்லாம் ஃபிசிக்ஸ் படிக்கலையா?

கணக்கு மாமா:
கெடுத்து வெச்சிருக்காங்கன்னு தான் சொல்லுவேன். முன்னாடி அந்த பேப்பர்ல பை (π) மதிப்பை 3ன்னு வெச்சு, புவியீர்ப்பு ஜியை 10ன்னு வெச்சு, தோராயமா எவ்வளவு வரும்னு மனசுக்குள்ளயே போட்டு சரியான விடையைப் பிடிப்பானுங்க. அது எப்பேர்ப்பட்ட பழக்கம்! அதையும் எடுத்துட்டாங்க.

மடிப்பாக்கம் ஜெயா:
பைய 3ன்னு வெக்கறது கணக்கு, 0.96ன்னு எழுதறது கணக்கு இல்லையா சார்?

கணக்கு மாமா:
டீச்சர், நீங்களுமா.

பெங்களூர் அம்மா:
ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரியோட பயாலஜியும் சேத்து எடுத்தா நீட்டும் எழுதலாம்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. மூணு சயின்ஸ் எடுக்க விடுவாங்களா?

கோவை கார்த்தி:
சாதாரணமா விட மாட்டாங்க அக்கா. மூணாவது குரூப்ல எகனாமிக்ஸ், சைக்காலஜி, ஹிஸ்டரி மாதிரி ஒண்ணு இருந்தே ஆகணும். நீட்டுக்கு மூணு சயின்ஸ் வேணும்னா நான்-ரெகுலர் டிப்ளமோன்னு ஸ்கூல் மூலமா தனியா அனுமதி கேக்கணும், அப்ப அந்த குரூப் போயிடும், அதாவது உங்க பொண்ணுக்குப் பிடிச்ச சைக்காலஜியே போயிடும்.

டேட்டா தம்பி:
ஜேஇஇயும் எழுதணும் நீட்டும் எழுதணும் சைக்காலஜியும் வேணும்னா அதுக்கு ஐபி எதுக்கு அக்கா? பொண்ணைக் கேளுங்க முதல்ல.

கோவை கார்த்தி:
அவங்க பொண்ணு, அவங்க வீடு, ஐபி எதுக்குன்னு கேக்க நீங்க யாரு?

டேட்டா தம்பி:
கார்த்தி அண்ணா, நான் எது சொன்னாலும் எதிர்த்து ஒரு வரி எழுதணும்னு சபதமா?

கணக்கு மாமா:
அம்மா, பயாலஜி எடுங்க எடுக்காம போங்க, மேத்ஸ் ஏஏ போடுங்க. ஹெச்எல் கஷ்டமா இருந்தா எஸ்எல்லுக்கு இறங்கிக்கலாம், ஏஏ எஸ்எல் சிலபஸ் முழுக்க ஏஏ ஹெச்எல்லுக்குள்ளயே இருக்கு, படிச்சது ஒண்ணும் வீணாகாது. ஏஐ ஹெச்எல்ல இருந்து ஏஏக்கு ஏறிக் காட்டச் சொல்லுங்க அந்தத் தம்பியை. டேட்டா தம்பி, இப்ப ஒரு கணக்கு தர்றேன். 7 அடுக்கு என், அதுல இருந்து ஒண்ணைக் கழிச்சா எப்பவும் 6ஆல வகுபடும்னு நிரூபிங்க. கால்குலேட்டரைத் தொடாம. இங்கயே எழுதுங்க.

டேட்டா தம்பி:
நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல சார். முதல்ல நீங்க எனக்கு ஒண்ணு போடுங்க. ஆறு தெரு, நாலு முனை, ஒவ்வொரு முனைல இருந்தும் மத்த மூணு முனைக்கும் ஒரு தெரு. தபால்காரர் எல்லாத் தெருவையும் ஒரு தடவையாவது நடந்து கிளம்பின இடத்துக்கே திரும்பணும். குறைஞ்சது எத்தனை தெருவை ரெண்டாவது தடவை நடக்கணும், ஏன்? எந்த பட்டனைத் தட்டினா விடை வரும்னும் சொல்லுங்க.

ஸ்காபரோ மைந்தன்:
ரெண்டு தெரு. நாலு முனையிலயும் மூண்டு மூண்டு தெரு, எல்லாம் ஒற்றை எண். சோடி சேத்தா ரெண்டு.

கணக்கு மாமா:
ஸ்காபரோ, உங்களை யாரு கேட்டா? அவரு என்னைக் கேட்டாரு. என் கேள்விக்கு முதல்ல பதில் வரட்டும், அப்புறம் தெருவைப் பாப்போம்.