250 கணினிகளுக்கு எந்த பேக்கப் மென்பொருள்: வீமா, பேரியோஸா?

குன்னூர் கேள்வி: தேயிலை நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். கோத்தகிரி, கூடலூர் கிளைகளையும் சேர்த்து 250 விண்டோஸ் கணினிகள், 14 சர்வர்கள், மொத்தம் 6 டெராபைட். இப்போது பிரிவுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் என்று ஓடுகிறது. அதை யார் கழற்றி எங்கே வைக்கிறார்கள் என்பது அவரவருக்கே வெளிச்சம். வீம் வாங்கலாமா, பேரியோஸ் போதுமா?

கேத்திப் பள்ளத்தாக்கு: வீம்தான், யோசிக்கவே வேண்டாம். மெய்நிகர் சர்வர் (ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்) ஒன்று படுத்துவிட்டால் பேக்கப் கோப்பிலிருந்தே அதை இயக்கிவிடலாம். தரவு முழுவதும் திரும்பி வரும்வரை கணக்குப் பிரிவு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சர்வருக்கு ஓர் உரிமம். மேசைக் கணினி என்றால் ஓர் உரிமத்தில் மூன்று அடங்கும்.

பக்காசுரன்: ஆக 98 உரிமங்கள், ஆண்டுதோறும்! இதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏன் தாழ்கிறது? பேரியோஸ் 2010இல் பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளிலிருந்து பிரிந்த கட்டற்ற மென்பொருள். டேப், அதாவது தரவைப் பதியும் காந்த நாடா, அதற்கான கருவிகளை நன்றாகவே கையாளும். மேசைக் கணினிகளுக்கு அர்பேக்கப் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளைப் போடுங்கள். ஒரே கோப்பு 200 கணினிகளில் இருந்தாலும் சர்வரில் ஒருமுறைதான் சேமிக்கும்.

கேத்திப் பள்ளத்தாக்கு: பேரியோஸில் எல்லாவற்றையும் அமைப்புக் கோப்புகளில் எழுத வேண்டும். அதை எழுதத் தெரிந்தவர் நீங்கள். நாளை கோவையில் நல்ல சம்பளத்துக்கு நீங்கள் இறங்கிவிட்டால்? லினக்ஸ் தெரிந்த பையன்கள் மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை ஏறித் திரும்புவதில்லை, ஐயா.

பக்காசுரன்: நல்ல வாதம்தான், ஆனால் உங்களையே குத்துகிறது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீம்பொருள் (ரான்சம்வேர்) நுழைந்தால் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான். அழிக்க முடியாத நகலைச் சொந்த அலுவலகத்தில் வைக்க வீம் நெடுங்காலமாகச் சொல்லும் வழியே லினக்ஸ் சர்வர்தான். அந்தப் பையன் உங்களுக்கும் வேண்டும். 2024இல் வீமின் ஓட்டை ஒன்றின் வழியாகவே தாக்குதல்காரர்கள் புகுந்ததையும் மறக்க வேண்டாம்.

கேத்திப் பள்ளத்தாக்கு: திருத்தம் வெளியான பிறகும் போடாமல் இருந்தவர்களிடம் புகுந்தார்கள். பேக்கப் சர்வரை அலுவலக டொமைனில், அதாவது எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில், சேர்க்காதீர்கள் என்பது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

ஊட்டி இராப்பணி: இருவரும் பெயரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நகல் எங்கே இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையே? கிளவுட் என்றால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 6 டெராபைட்டை முழுதாக மீட்க ஐந்தரை நாள் ஆகும், அதுவும் இணைப்பு ஒரு நொடிகூட அறாமல். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கேபிள் போனால் அந்தக் கணக்கும் போயிற்று. ஒரு நகல் குன்னூரிலேயே வேகமான வட்டில், இன்னொன்று டேப்பில் வாரந்தோறும் கோவைக்கு. டேப்பை இங்கேயே வைத்துக்கொள்ளாதீர்கள். துணிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வீட்டில் செய்வதுபோல, பீரோவுக்குள் பல்பு எரியவிட்டு அதன் பக்கத்திலேயே டேப்பை அடுக்கியிருந்த அலுவலகம் ஒன்றைப் பார்த்தேன். ஈரமும் டேப்புக்கு ஆகாது, சூடும் ஆகாது. மூடிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அது போதும்.

குன்னூர் கேள்வி: இடம் சரி. மென்பொருளுக்குப் பதில் வரவில்லையே, சார்?

ஊட்டி இராப்பணி: வீமுக்கு 30 நாள் சோதனை உரிமம் உண்டு, பேரியோஸ் இலவசம். இரண்டையும் நிறுவுங்கள். பிறகு டேலி சர்வரை வெற்றுக் கணினி ஒன்றில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள். நிறுவியவர் கையை வைக்கக் கூடாது. கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இளநிலை உதவியாளர் செய்ய வேண்டும். எதில் முடிகிறதோ அதை வாங்குங்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கு: ஒப்புக்கொள்கிறேன். முடிவு இப்போதே தெரியும்.

பக்காசுரன்: நானும் தயார். கையேட்டைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன். அன்றைக்கு 98 உரிமங்களுக்கான விலைப்புள்ளியும் மேசைமேல் இருக்கட்டும்.