ரோல் பாரின் கால் எங்கே நிற்கிறது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

யாரோ கட்டி முடித்த கோப்ரா ரெப்ளிகா (பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) ஒன்றை வாங்கினேன். சீட்டுக்குப் பின்னால் பளபளவென்று நின்ற ஸ்டெயின்லெஸ் ரோல் பாரை, அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைந்த குழாயைப் பார்த்துத்தான் பாதி ஆசையே வந்தது. இரண்டாம் வாரம், வண்டியைத் துடைத்துவிட்டு அந்தப் பாரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், பாரின் அடியில் ஃபைபர் பாடி 'டிக்' என்று அமுங்கி மேலே வந்தது. குனிந்து பார்த்தால் பெயின்ட்டில் வட்டமாக மயிரிழை விரிசல்கள்.

அன்றைக்கே பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கர வளைவுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பாரின் குழாய் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரைக்கும் வரவேயில்லை. ஃபைபருக்கு அடியில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு தகடு, இரண்டு போல்ட், சாதாரண வாஷர், அவ்வளவுதான். அதில் ஒரு வாஷர் ஃபைபருக்குள் கிண்ணம் மாதிரி புதைந்திருந்தது. வண்டி கவிழ்ந்தால் இந்தப் பார் உடையக்கூட வேண்டாம், நிமிர்ந்த மேனிக்கே பாடியைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

கழற்றி அளந்தேன். வெளிவிட்டம் 38 மி.மீ., சுவர் கனம் 1.5 மி.மீ. பந்தயக் கார்களில் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய பாருக்கு எஃப்ஐஏ (உலகக் கார் பந்தய அமைப்பு) கேட்பது 45 மி.மீ. வெளிவிட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம் அல்லது 50-க்கு 2 மி.மீ., அதுவும் பற்றவைத்த தையல் இல்லாத, சூடாக்காமல் இழுத்துச் செய்த எஃகுக் குழாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரே எஃகு என்று வைத்துக்கொண்டாலும் 45 மி.மீ. குழாய் தாங்கும் வளைக்கும் விசையில் இது பாதியைக்கூடத் தொடவில்லை. சாலையில் ஓட்டும் வண்டிக்கு அந்த விதி பொருந்தாது, சரி, ஆனால் மண்டை ஒன்றுதானே.

இதே மாதிரி யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

* * *

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் தளத்தைச் சுருக்கி அதன்மேல் ஃபைபர் பாடி ஏற்றிய போர்ஷே ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகா. பார் தரைத் தகட்டில் போல்ட் போட்டிருந்தது, ஃபைபரில் இல்லை என்பதால் நிம்மதியாக இருந்தேன். தோள் பெல்ட்டையும் அதே பாரில்தான் கட்டியிருந்தேன். ஒரு நாள் ஈரச் சாலையில் சறுக்கி நேராகப் போய் மண்மேட்டில் மோதினேன். கவிழவே இல்லை, ஆனால் பெல்ட் இழுத்த இழுப்பில் பார் முன்னால் சாய்ந்துவிட்டது. பின்பக்கம் முட்டுக் குழாய் கிடையாது, காலடித் தகடும் சின்னது, தரைத் தகடு அப்படியே சுருண்டு எழுந்திருந்தது. பாரை எல்லோரும் மேலிருந்து விழும் அடிக்கு மட்டும் யோசிக்கிறோம், பெல்ட்டை அதில் கட்டினால் முன்னால் இழுக்கும் விசையையும் அதுதான் தாங்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. தகடு, 8.8 உறுதித் தரத்தில் எம்8 (8 மி.மீ.) போல்ட் மூன்று. மேலும் கீழும் தகடு, நடுவில் தரை. பின்முட்டு இரண்டும் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்து, பெட்டிக் குழாயில் போய் நிற்கின்றன.

* * *

நான் கவிழ்ந்தவன். டிராக்கில் வண்டி சுழன்று பக்கவாட்டில் சரளைக்குள் போனது, சக்கரங்கள் புதைந்ததும் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் புரண்டது. பார் நல்ல பார், சேஸிஸில் வெல்டு செய்தது, கொஞ்சமும் வளையவில்லை. ஆனால் சரளை இளகலாக இருந்ததால் பாரின் உச்சி அதில் இறங்கிவிட்டது. ஹெல்மெட்டின் உச்சியில் கல் கீறிய கோடு இன்னும் இருக்கிறது, அதை மாற்றாமல் வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்வதில்லை. ஹெல்மெட்டுக்கு மேல் 2 அங்குலம் இடைவெளி விட்டிருந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாரின் உச்சியிலிருந்து டேஷ்போர்டு பக்கம் உறுதியான இடம் எதுவோ அதுவரைக்கும் நூல் கட்டி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பாருங்கள். தலை நூலுக்குக் கீழே நிற்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தில் கட்டி ஏமாந்துவிடாதீர்கள், அது முதலில் மடங்கும்.

* * *

வெல்டிங் வேலைக்காரன் என்ற முறையில் இரண்டு விஷயம். ஒன்று, பாரின் குழாய் வளையும் இடத்தைப் பாருங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாய் வளைக்கும் கருவியில் வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும், குழாய் நசுங்கி முட்டை வடிவமாகும். குறுக்கு அளவுகள் இரண்டில் சிறியது பெரியதில் 0.9-க்குக் கீழே போனால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு, குரோம் பூசாதீர்கள். அந்த வேலையில் எஃகுக்குள் ஹைட்ரஜன் போய் நொறுங்கும் தன்மை வரலாம், மேலே பூச்சு இருந்தால் வெல்டில் விரிசல் விட்டதும் தெரியாது. எஃப்ஐஏ குரோமைத் தடை செய்திருப்பது சும்மா இல்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. புதுப் பார் வந்துவிட்டது. சேஸிஸ் குழாயிலிருந்து இரண்டு கை நீட்டி வெல்டு செய்து அதில் நிறுத்தியிருக்கிறேன். பாடியில் குழாய் நுழையும் துளையைப் பெரிதாக வெட்டி ரப்பர் வளையம் போட்டாயிற்று, பாடியைப் பார் எங்கும் தொடவில்லை. பிடித்து முழுப் பலத்தோடு ஆட்டினேன், வண்டி மொத்தமும் சஸ்பென்ஷனில் ஆடியது, ஃபைபரில் ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் நூல் கட்டி உட்கார்ந்தேன். ஹெல்மெட் நூலைத் தொடுகிறது. சீட்டின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு நேராகத் தரையில் இறக்கப் போகிறேன், அதுவரை வண்டி ஷெட்டில்தான்.