நிதி மோசடிக்கு ஜனாதிபதி மன்னிப்பு: போட்டவர் பணம் என்னாகும்?

பாம்பன் அலை:
அமெரிக்காவில் நிகோலா லாரி கம்பெனியைத் தொடங்கிய டிரெவர் மில்டனுக்கு 2025 மார்ச்சில் டிரம்ப் முழு மன்னிப்பு கொடுத்துவிட்டார். ஓடாத லாரியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, ஓடுவதுபோல் வீடியோ வெளியிட்ட கம்பெனி அது. 2023-ல் மில்டனுக்கு நான்கு ஆண்டு தண்டனை. பங்கு வாங்கி ஏமாந்தவர்களுக்கு 68 கோடி டாலர் ஈடு கேட்டிருந்தது அரசுத் தரப்பு. மன்னிப்போடு அதுவும் போயிற்று. நம் அரசியல் சட்டம் 72-வது பிரிவிலும் மன்னிக்கும் அதிகாரம் இருக்கிறது. பண மோசடிக்காரர்களை அதிலிருந்து அடியோடு விலக்க வேண்டும்.

கீழக்கரை வாசகன்:
அடியோடு கூடாது அண்ணே. நம் ஊர் டெபாசிட் மோசடிகளில் முதலாளியோடு வசூல் ஏஜென்டும் சேர்ந்து மாட்டுகிறார். கமிஷனுக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கும் பத்து ஆண்டு என்றால், அதைச் சரிசெய்ய ஒரு வழி வேண்டும்.

தொண்டி வக்கீல்:
கருணை மனு யாரிடம் போகும் என்பதை முதலில் பாருங்கள். நம் கடற்கரை டெபாசிட் வழக்குகள் 1997-ம் ஆண்டு டான்பிட் சட்டத்தில் (தமிழ்நாடு டெபாசிட்தாரர் நலன் பாதுகாப்புச் சட்டம்) மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். அது மாநிலச் சட்டம், ஆகவே 161-வது பிரிவில் கவர்னர். மத்திய அரசின் கம்பெனி சட்டம் 447-வது பிரிவில் மோசடிக்குத் தண்டனை என்றால் ஜனாதிபதி. இருவருமே அமைச்சரவை சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். தண்டனைக் குறைப்பில் சிறைக்காலம்தான் குறையும், தீர்ப்பு நிற்கும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் கம்பெனி இயக்குநராக முடியாது என்ற தடையும் நிற்கும். முழு மன்னிப்புதான் ஆபத்து.

பாம்பன் அலை:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களின் அடுப்புச் செலவுக்குச் சேர்த்ததைத்தான் இவர்கள் வாரிச் சுருட்டுகிறார்கள். திருப்பிக் கொடுக்க மனமிருந்தால் டான்பிட் 5-ஏ பிரிவிலேயே சமரசத்துக்கு வழி உண்டு. அதைச் செய்யாதவருக்கு எதற்குக் கருணை?

கீழக்கரை வாசகன்:
அதற்குத்தான் நிபந்தனை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 473-வது பிரிவில் அரசு நிபந்தனை போட்டுத் தண்டனையைக் குறைக்கலாம், தண்டித்த நீதிபதியின் கருத்தையும் கேட்கலாம். நிபந்தனையை மீறினால் குறைப்பு ரத்து, வாரண்ட் இல்லாமலே கைது. பினாமி சொத்தையெல்லாம் காட்டிக்கொடுப்பதையே நிபந்தனையாக வைக்கட்டும்.

தொண்டி வக்கீல்:
சொத்து கிடைத்தாலும் பாதிப் பேருக்குப் பங்கு வராமல் போகும், அதுதான் என் கவலை. ஜப்தி செய்த சொத்தை ஏலம் விட்டு, டெபாசிட்தாரர்களுக்கு விகிதப்படி பிரிப்பார்கள். புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் ஏறாது. ‘புதுப்பித்துத் தருகிறேன்’ என்ற ஏஜென்டிடம் அசல் ரசீதைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் ஏராளம். வீட்டில் இருக்கும் ரசீதிலும் உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் துருவேறி, எண் இருக்கும் மூலையைத் தின்றிருக்கும். பின்னைக் கழற்றுங்கள், இருபக்கமும் போட்டோ எடுங்கள், பொருளாதாரக் குற்றப்பிரிவில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் கவர்னர் கொடுத்த தண்டனைக் குறைப்பை 2006-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்திருக்கிறது. ஆவணம் இருந்தால் நாமும் எதிர்த்துப் போகலாம்.

பாம்பன் அலை:
பட்டியலில் உள்ள எல்லோருக்கும் பங்கு போய்ச் சேர்ந்ததென்று சிறப்பு நீதிமன்றம் எழுதித் தரட்டும். அதுவரை எந்த மனுவையும் எடுக்கக் கூடாது. ஏஜென்டும் தான் வசூலித்த மொத்தத்தையும் கட்டட்டும்.

கீழக்கரை வாசகன்:
முதலாளிக்கு அது சரி. ஏஜென்ட் வாங்கிய கமிஷனை மட்டும் கட்டினால் போதும். மொத்தத்தையும் கேட்டால் எந்த ஏஜென்டும் சாட்சி சொல்ல வரமாட்டார் அண்ணே. எந்தத் தோப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.