ஒரு டிஸ்க் போன பிறகு எவ்வளவு இடம் மிஞ்சும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மூன்று சர்வர் வாங்கி ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டுகிற மென்பொருள்) போட்டு, செஃப்பில் (எல்லா சர்வரின் டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தரவைக் காப்பி எடுத்துப் பரப்பி வைக்கிற மென்பொருள்) மூன்று காப்பி வைக்கிற அமைப்பு இப்போது நம்ம பக்கமும் நிறைய வந்துவிட்டது. ஆனால் கொட்டேஷனில் டிஸ்க் கணக்கு மட்டும் எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது: எல்லாவற்றையும் கூட்டு, மூன்றால் வகு, அவ்வளவுதான் இடம். எல்லா டிஸ்க்கும் உயிரோடு இருக்கிற நாளுக்குத்தான் அந்தக் கணக்கு.

இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்ததைச் சொல்கிறேன். வேறொருவர் அமைத்தது, பராமரிப்புக்கு என்னிடம் வந்தது. சர்வருக்கு 8 டிபி டிஸ்க் இரண்டு, ஆக மொத்தம் 48, மூன்றால் வகுத்து 16 டிபி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். திரையில் அது 14.55 என்றுதான் தெரியும், டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, மென்பொருள் 1024 1024-ஆக. சரி, அது கிடக்கட்டும். படங்கள் 10 டிபி வரை சேர்ந்திருந்தன. 16-ல் 10 தானே, தாராளமாக இருக்கிறது என்று உரிமையாளர் நிம்மதியாக இருந்தார்.

ஒரு ராத்திரி ஒரு டிஸ்க் போய்விட்டது. செஃப் 10 நிமிடம் பொறுத்துப் பார்க்கும், அப்புறம் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு அதிலிருந்த காப்பிகளை வேறிடத்தில் எழுத ஆரம்பிக்கும். வேறிடம் எங்கே இருக்கிறது? ஒரே சர்வரில் ஒரே தரவின் இரண்டு காப்பி இருக்கக்கூடாது என்பது விதி, மற்ற இரண்டு சர்வரிலும் ஏற்கெனவே ஆளுக்கொரு காப்பி இருக்கிறது, ஆக போனதன் சுமை முழுக்க அதே சர்வரில் மிச்சமிருக்கிற டிஸ்க்கின் தலையில்தான் விழும். ஒரு சர்வரின் காப்பி முழுக்க 10 டிபி, அது ஒரே 8 டிபி டிஸ்க்கில் எப்படி ஏறும்?

நான் போய்ப் பார்க்கும்போது அந்த டிஸ்க் 90 சதவீதத்தில் நின்றது. 85-ல் எச்சரிக்கை வரும், 90-ல் போன காப்பிகளைத் திரும்ப எழுதுவது நிற்கும், 95-ஐத் தொட்டால் எழுதுவதே நின்றுவிடும், மற்ற சர்வர்களில் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. சிடி மெஷின் பாட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, திரையில் 91, 92 என்று ஏறுகிறது. பழைய படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அழித்தோம், எண் அசையவே இல்லை. விஎம்முக்குள் அழிப்பது செஃப்புக்குத் தானாகத் தெரியாது. டிஸ்கார்டை (அழித்த இடத்தைச் செஃப்புக்குத் தெரிவிக்க விடும் அமைப்பு) ஆன் செய்து, விஎம்மை ஒருமுறை நிறுத்தி எடுத்து, உள்ளே எஃப்எஸ்டிரிம் (காலி இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளை) ஓட்டிய பிறகுதான் இறங்கியது.

அதே 48 டிபியை, சர்வருக்கு 4 டிபி நான்காக வாங்கியிருந்தால் ஒன்று போனாலும் 10 டிபி மிச்ச 12-க்குள் அடங்கும், 83 சதவீதம், எச்சரிக்கைக் கோட்டுக்கே கீழே. காசு கொஞ்சம் கூடும்தான். ஆனால் 8 டிபி என்டர்பிரைஸ் டிஸ்க் முருகன்குறிச்சியில் கடை ஏறி அன்றைக்கே வாங்கி வருகிற பொருளா? சென்னையிலிருந்து பார்சல் வர வேண்டும், நடுவில் ஞாயிற்றுக்கிழமை வேறு வரும். அதுவரை மிச்ச டிஸ்க்குகள் தாங்குமா என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஜங்ஷனிலிருந்து:

அண்ணாச்சி, எங்களுடையது இரண்டே சர்வர், டிஆர்பிடி (ஒரு சர்வரின் டிஸ்க்கை இன்னொன்றில் அப்படியே நகலாக வைத்திருக்கும் மென்பொருள்). மொத்த வியாபாரக் கடை, பில்லிங்கும் கணக்கும் அதில்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் 4 டிபி டிஸ்க் போனது, அந்த அளவு கிடைக்காமல் 6 டிபி வாங்கிப் போட்டோம். கூடுதல் 2 டிபி சும்மாதான் கிடக்கிறது, இரண்டில் சின்னது எதுவோ அதுதான் கணக்கு. மறுபக்கமும் பெரிதானால்தான் ரீசைஸ் செய்ய முடியும். இன்னொன்று, டிஸ்க் மாற்றினால் டிஆர்பிடி ஃபைல் இருக்கிறதா காலியா என்று பார்க்காது, முழு 4 டிபியையும் நகலெடுக்கும். ஒரு கிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி என்று வைத்தாலே 10 மணி நேரம். அந்த 10 மணி நேரமும் கடைக்கு ஒரே காப்பிதான். அதனால் இரண்டு சர்வருக்கும் நடுவே மட்டும் தனியாக 10 கிகாபிட் வயர் இழுத்தோம், அந்தச் செலவுக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகு ஒரு சர்வர் மாடிக்குப் போய்விட்டது.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எங்கள் மூன்று சர்வரில் இரண்டில் 4 டிபி நான்கு நான்கு, மூன்றாவது பழசு, அதில் 2 டிபி நான்கு. மொத்தம் 40, மூன்றால் வகுத்தால் 13 வரணும். செஃப் 8 கூட இல்லை என்கிறது. எங்கே போகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கேயும் போகவில்லை தம்பி. மூன்று காப்பி, மூன்று சர்வர் என்றால் ஒவ்வொரு சர்வரும் முழுசாக ஒரு காப்பியைச் சுமக்க வேண்டும். பழைய சர்வரில் 8-தான் இருக்கிறது, ஆக உங்களுக்கும் 8-தான் (திரையில் அதைவிடக் குறைவாகத் தெரிவது நான் மேலே சொன்ன 1024 கணக்கால்), பெரிய சர்வர்களில் பாதி சும்மா கிடக்கும். அந்த 8-ஐயும் நம்ப வேண்டாம். பழசில் ஒரு டிஸ்க் போனால் மிச்சம் 6, அதில் 85 சதவீதம் 5.1. இப்போதைக்கு 5 டிபிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இரண்டு காப்பியாகக் குறைத்தால் இடம் கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மூன்று இருப்பதால்தான் அப்டேட்டுக்காக ஒரு சர்வரை நிறுத்தினாலும் மற்ற இரண்டில் காப்பி இருக்கிறது, வேலை ஓடுகிறது. அந்தப் பழைய 2 டிபிகளை 4 ஆக மாற்றுங்கள், ஆனால் நான்கையும் ஒரே மூச்சில் கழற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, செஃப் எல்லாக் காப்பியும் சரியாக இருக்கிறது என்று பச்சை காட்டிய பிறகு அடுத்தது. பாதி மாற்றிய நிலையில் 4 டிபி டிஸ்க்குக்கு 2 டிபியைப் போல இரண்டு மடங்கு தரவும் வேலையும் போகும், கொஞ்சம் மெதுவாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், நான்கும் முடிந்ததும் சமமாகிவிடும்.