சைட்டேஷனுக்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அஸ்தம்பட்டி, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் கையேடு ஒன்றைத் தமிழில் முடித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பதினோராம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கட்டுரைக்குள் ஒரு தகவலைச் சொன்னதும் பக்கத்தில் ஓர் எண் போடுகிறோமே, அது சைட்டேஷன். அந்த எண்ணுக்குரிய விவரம் கடைசிப் பக்கத்தில் வருகிறதே, அது ரெஃபரன்ஸ். ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால் கொட்டேஷன். நான் மூன்றையும் மேற்கோள் என்றே எழுதிவந்தேன். போன வாரம் வகுப்பில் ‘ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டி ஒரு பத்தி எழுதுங்கள்’ என்றேன். ஒரு மாணவி ஐந்து கட்டுரைகளிலிருந்தும் ஒவ்வொரு வாக்கியத்தைப் பெயர்த்தெடுத்து, எல்லாவற்றுக்கும் இரட்டை மேற்கோள்குறி போட்டு, சரமாகக் கோத்துக் கொண்டுவந்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை, நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். மருத்துவக் கட்டுரையில் பிறர் வாக்கியத்தை அப்படியே போடுவது அபூர்வம். படித்ததைத் தன் சொல்லில் எழுதி எண்ணைப் போடுவதுதான் வழக்கம். மேற்கோள் என்ற சொல் அதைச் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய் காலை

தம்பி, மேற்கோளின் மீது பழி போடாதீர்கள். தருக்கத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று மூன்று உண்டு. அங்கே மேற்கோள் என்பது நான் நிறுவப்போகும் கூற்று. பிறர் சொன்னது அன்று. இப்போது பிறர் சொன்னதற்கு வழங்குகிறோம். ஒருமுறை பொருள் மாறிய சொல் இன்னொரு முறையும் மாறும், பொறுத்திருங்கள்.

பொறுக்க முடியாது என்றால் நன்னூலுக்குப் போங்கள். முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று ‘பிறன்கோட் கூறல்’. பிறன் கொண்ட கொள்கையை எடுத்துச் சொல்லுதல். பிறன்கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணூறு ஆண்டு மணம் இருக்கும். தொல்காப்பியர் வரிக்கு வரி ‘என்மனார் புலவர்’ என்கிறாரே, அது சைட்டேஷன் இல்லாமல் வேறு என்ன?

ஏற்காடு, செவ்வாய் மதியம்

ஐயா, ‘என்மனார் புலவர்’ என்று எழுதி அனுப்பினால் எந்த மருத்துவ இதழும் அன்றைக்கே திருப்பிவிடும். எந்தப் புலவர், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நம் உரையாசிரியர்களும் பல இடங்களில் பாட்டை மட்டும் காட்டிவிட்டு நூற்பெயரைச் சொல்லாமல் போய்விட்டார்கள். அது எந்த நூல் என்று தேடித் தேடியே உ.வே.சா. அலைந்தார்.

அப்புறம், பிறன்கோள் என்றால் மாணவர்கள் கோள் மூட்டுவதைத்தான் நினைப்பார்கள்.

மருத்துவத்தில் நடப்பது இதுதான். 1978இல் இதழாசிரியர்கள் சிலர் கனடாவில் வான்கூவரில் கூடி ஒரே மாதிரியான விதிகளைப் பேசி முடித்தார்கள். அதனால்தான் வான்கூவர் முறை என்கிறோம். கட்டுரையில் முதலில் வருவது 1, அடுத்தது 2. முன்பு சொன்னதே மறுபடி வந்தால் பழைய எண்ணே. எங்கள் மலைப்பாதை மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். இருபது வளைவு, ஏறும்போது எதிர்ப்படும் வரிசையில் எண். நடுவில் புதிதாக ஒரு வளைவைச் செருகினால் அதற்கு மேலுள்ள பலகை எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். மாணவர்கள் அழுவது அங்கேதான்.

(கொண்டை ஊசி வளைவு என்பதே ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. அதற்கு யாரும் சண்டை போடவில்லை!)

ஓமலூர், செவ்வாய் மாலை

எளிய வழி: சுட்டு. அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சுட்டு, சுட்டெண், சுட்டிய கட்டுரை. முடிந்தது.

ஏற்காடு, செவ்வாய் இரவு

முடியவில்லை தம்பி. ‘இந்தப் பத்தி எங்கே சுட்டது?’ என்று ஒரு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம் என்று முகம் வெளுத்துவிடும். எடுத்த இடத்தை நேர்மையாகச் சொல்வதற்கு நாம் வைக்கும் பெயர், சொல்லாமல் எடுத்ததற்கு ஊரில் வழங்கும் பெயர். சைட் என்ற ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் சளைத்ததில்லை. ‘எத்தனை பேப்பர் சைட் அடிச்சிருக்கே?’ என்பது விடுதியில் பழைய நகைச்சுவை.

சூரமங்கலம், புதன்

நூலகத்தில் இருப்பவன் என்ற முறையில்: சான்று. சான்றெண், சான்றுப் பட்டியல். இல்லையென்றால் ஆதாரம்.

ஏற்காடு, புதன்

மருத்துவச் சான்று என்றால் நான் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவது. சான்று சார்ந்த மருத்துவம் என்று வேறு எழுதுகிறோம். ஒரு கட்டுரைக்கு எண் போட்டதாலேயே அது சான்றாகிவிடாது, மோசமான ஆய்வையும் மறுப்பதற்காகக் குறிப்பிடுகிறோம். ஆதார எண் கேட்டால் பன்னிரண்டு இலக்கம் எழுதித் தருவார்கள்.

அஸ்தம்பட்டி, புதன் இரவு

கடைசிப் பக்கப் பட்டியலுக்கு உசாத்துணை (உசாவ, அதாவது கேட்டறிய, உதவும் துணை) என்று போடலாமா? துணைநூல் என்றால் கட்டுரைகள் நூல் இல்லையே என்ற சங்கடம் வருகிறது.

இதை ஏன் கேட்டேன் என்று இருக்கிறது. உசா என்ற வேர்தான் வடக்கே போய் விசாரம் ஆனது என்று செவ்வாய்ப்பேட்டை ஐயா எழுத, அது வி என்ற முன்னொட்டும் சர் என்ற வேரும் சேர்ந்தது என்று ஓமலூர் மறுக்க, ஒன்பது மடல் போய்விட்டது. பாடம் பதினொன்றிலேயே நிற்கிறது.

பட்டியலின் ஒரு வரியை இப்படி விளக்கியிருக்கிறேன், சரி பாருங்கள். 2002;347(4):284-7. முதலில் ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம். 284 முதல் 287 வரை என்பதை 284-7 என்று சுருக்குகிறார்கள். நடுவில் எங்கேயும் இடைவெளி கிடையாது. ஒரே ஒரு கஷ்டம், ஜர்னலும் இதழ், இஷ்யூவும் இதழ்.

ஏற்காடு, வியாழன்

விளக்கம் சரி. பெயர்களைப் பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். குடும்பப் பெயர் முதலில், மற்றது தலைப்பெழுத்தாக என்பது விதி. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? குமார் என்ற பையன் அப்பா பெயரைப் பின்னால் விரித்து ‘குமார் சுப்பிரமணியன்’ என்று அனுப்பினால் ‘சுப்பிரமணியன் கு’ என்று அச்சாகும். அப்பா கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருப்பார், கட்டுரை அவர் பேரில் வந்திருக்கும். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசி வரை மாற்றாமலிருக்கச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி, வெள்ளி காலை

எண்ணிப் பார்த்துவிட்டேன். கட்டுரைக்குள் வருவது சுட்டெண்: நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. ‘சுட்டது’ என்ற வினையை எங்கேயும் பயன்படுத்தாமல் ‘சுட்டெண் இடுக’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பட்டியல் உசாத்துணை. மேற்கோள், மேற்கோள்குறிக்குள் வருவதற்கு மட்டும்.

மீதி ஆசிரியர்களின் பெயருக்குப் பதிலாகப் போடும் எட் ஆல் (et al.) என்பதற்கு ‘முதலியோர்’ வைத்தேன். ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் ஆறு பெயரோடு நிறுத்தி அதைப் போட வேண்டும் என்று எழுதியிருந்தேன். நேற்று வந்த அச்சுப்படியில் எல்லா இடத்திலும் ‘முதலியார்’ ஆகியிருக்கிறது. ‘மற்றும் பிறர்’ என்று மாற்றிவிட்டேன்.

ஏற்காடு, வெள்ளி

நல்லது. நான் வகுப்பில் ரெஃபரன்ஸ் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளி

எனக்கு உடன்பாடில்லை. பிறன்கோளை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

அஸ்தம்பட்டி, வெள்ளி மதியம்

ஐயா, வான்கூவர் முறையில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. கடைசியில் உள்ள சொல்லடைவில் சேர்த்துவிட்டேன்: ‘பிறன்கோள் – காண்க: சுட்டெண்.’