டர்பன் கரையில் பிளாஸ்டிக் மணி பொறுக்கிய அனுபவம்

கடற்கரைக் குப்பை என்றதும் புட்டிகளும் பைகளும்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரான டர்பனில் வாழும் நான் சொல்ல விரும்புவது, குனிந்து தேடினாலொழியக் கண்ணில் படாத ஒன்றைப் பற்றி.

2017 அக்டோபர் 10 அன்று அடித்த புயலில், டர்பன் துறைமுகத்தில் இரண்டு கொள்கலன்கள் நீரில் விழுந்து, பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருளாகும் சிறு மணிகள் சுமார் 49 டன் கடலில் கலந்தன. இக்கரையோரக் கடலில் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுவதால், அவை நாட்டின் தென்மேற்கிலுள்ள வெஸ்டர்ன் கேப் மாகாணக் கரை வரை போய் ஒதுங்கின. பருப்பளவே உள்ள அந்த வெள்ளை மணிகளை மீன்களும் பறவைகளும் இரையென்று விழுங்கிவிடுகின்றன; கடல்நீரிலுள்ள பூச்சிக்கொல்லி முதலிய நச்சுகள் அவற்றின் மேல் படிவதால் கேடு இன்னும் கூடுகிறது.

அந்நாள்களில் நாங்கள் சிலர் சமையலறைச் சல்லடைகளோடு அடிங்டன் கரைக்குப் போனோம். ஈர மணல் சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டது; உலர்ந்த மணலிலோ கிளிஞ்சல் தூளும் மணிகளும் சேர்ந்தே தங்கின. சாளை மீன் காலத்தில் கரைவலை இழுத்துப் பழகிய முதியவர் ஒருவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தார்.

"தம்பி, சலித்து மாளாது. வாளியில் கடல்தண்ணீர் பிடித்து, அதிலே மணலைக் கொட்டிக் கலக்குங்கள்."

"அப்படியே செய்கிறோம், மாமா" என்று சொல்லிக் கலக்கினோம். மணலும் கிளிஞ்சலும் அடியில் தங்க, மணிகள் மட்டும் மேலே மிதந்து வாளியின் விளிம்போரம் திரண்டன. தேயிலை வடிகட்டியால் அள்ளினால் போதும். அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசி வரியிலேதான் அவை மிகுதியாகக் கிடைக்கும் என்பதையும் அவரே காட்டினார். கையுறை அணிந்து அள்ளியதை, காற்றில் மறுபடியும் பறந்துவிடாதபடி இறுகக் கட்டிய பைகளில் சேர்த்து, அதற்கென வைத்திருந்த சேகரிப்பு இடத்தில் ஒப்படைத்தோம்.

2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் மணிகள் கொட்டி, நீர்கொழும்புக் கரை வெள்ளையாகிப்போன படங்களைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. இத்தகைய மணிகளை உறுதியான பொதிகளில் அடைத்து, இயன்றவரை கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே ஏற்ற வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது. ஆனால் அது கட்டாய விதியன்று. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கடலில் கொட்டிய பிறகு வாளியும் வடிகட்டியுமாக எத்தனை பேர் இறங்கினாலும் முழுவதையும் மீட்க முடியாது.